நாலு தவணை தவறலாம்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு, ஆண்டு முழுவதும் ஊக்கம் குன்றாமல் இருப்பது எப்படி, எட்டக்கூடிய இலக்கை வைத்துக்கொள்வது எப்படி என்பது. கேட்டதுமே நான் சொன்னேன்: "சார், இதைப் பேச நம் கல்லூரியில் படித்த டாக்டர் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், பெரிய கம்பெனியில் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிடக் கூடாதா?" அதற்கு அவர், "அவர்கள் ஜெயித்த கதையைச் சொல்வார்கள். நீங்கள் முப்பத்தைந்து வருஷம் தபால் ஆபீஸ் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரைப் பார்த்தவர். யார் ஆரம்பித்தார்கள், யார் முடித்தார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். அதைச் சொல்லுங்கள்" என்றார். ஆகவே நான் சொல்லப் போவதெல்லாம் கவுண்டர் ஜன்னல் வழியாகப் பார்த்தது. கொஞ்சம் சில்லறைக் கணக்காக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தபால் ஆபீஸில் ஆர்.டி. என்று ஒரு கணக்கு உண்டு. தொடர் வைப்பு என்பது அதன் தமிழ்ப் பெயர். யாரும் அப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. மாதம் ஒரு தொகை, ஐந்து வருஷம், மொத்தம் அறுபது தவணை. ஒரு காலத்தில் மாதம் 10 ரூபாயிலிருந்து கட்டலாம். இப்போது 100 ரூபாயிலிருந்து ஆரம்பம். இங்கே உட்கார்ந்திருக்கும் பலருடைய கல்லூரிக் கட்டணம் அப்படிச் சேர்ந்த பணமாகத்தான் இருக்கும்.

கணக்குத் தொடங்க வருகிறவரைப் பார்த்தே, இது அறுபது மாதம் ஓடுமா, வழியில் படுத்துவிடுமா என்று ஓரளவு சொல்லிவிடலாம். வருமானத்தை வைத்துச் சொல்வதில்லை. நல்ல சம்பளக்காரர் கணக்கு ஏழாம் மாதத்தில் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பூ கட்டி விற்ற அம்மாள் அறுபது மாதமும் கட்டி முடித்ததையும் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் ஒரே ஒரு கேள்வியில் இருக்கிறது. "மாதம் எவ்வளவும்மா போடறீங்க?" என்று கேட்போம். போனஸ் வாங்கிய வாரத்திலோ, நெல் போட்ட பணம் கையில் இருக்கும்போதோ வருகிறவர், "ரெண்டாயிரம் போட்டுக்குங்க சார்" என்பார். பூக்கார அம்மாளோ உடனே பதில் சொல்ல மாட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசிப்பார். "ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறக்கும். ஐப்பசியில மழை, பூ வராது, வந்தாலும் விக்காது. அந்த மாசத்துலயும் கட்டணும்ல? இருநூறு போடுங்க" என்பார்.

இதுதான் விஷயம். ஒருவர் தம்முடைய நல்ல மாதத்தை வைத்துத் தொகையை முடிவு செய்தார். இன்னொருவர் மோசமான மாதத்தை வைத்து முடிவு செய்தார். கையில் பணம் இருக்கிற அன்றைக்கு, எல்லா மாதமும் இப்படியே இருக்கும் என்று தோன்றிவிடுகிறது. மனசில் உற்சாகம் இருக்கிற அன்றைக்கும் அப்படித்தான். ஜனவரி முதல் தேதி நாம் போடுகிற திட்டமெல்லாம் போனஸ் வாரத்தில் தொடங்கிய ஆர்.டி. மாதிரி. ஜனவரி பிறந்து மூன்று வாரம் ஆகிறது. புது டைரி வாங்கியவர்கள் எத்தனை பக்கம் எழுதியிருக்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. சிரிப்பிலிருந்தே தெரிகிறது.

நம் மாணவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு திட்டம் போட உட்காரும்போது முதலில் இலக்கை எழுதாதீர்கள். ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் மோசமான மாதங்களைக் குறியுங்கள். இந்தக் காவிரிப் படுகையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது ஒன்றும் ரகசியமில்லை. நவம்பர் மாதம் மழை, வீட்டில் ஒழுகல், மின்சாரம் நிற்பது, அதே மாதத்தில் பருவத் தேர்வு. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்த பிறகு வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்த ஊர்ப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்ததை நாம் பார்த்தோம். தை, மாசியில் அறுவடை. நிலம் உள்ள வீட்டுப் பிள்ளையும் சரி, கூலிக்குப் போகிற வீட்டுப் பிள்ளையும் சரி, அந்த நாட்களில் புத்தகத்தைத் தொட முடியாது. வைகாசியில் கல்யாணம், கோயில் திருவிழா. இதையெல்லாம் முதலில் கழித்துவிட்டு மிச்சத்தில் இலக்கை வையுங்கள். 'தினமும் ஐந்து மணி நேரம்' என்று எழுதுகிற கை, நவம்பர் மாதத்தை மறந்துவிட்ட கை.

சரி, மோசமான மாதத்தை எண்ணித்தான் தொகை வைத்தோம். அதைவிட மோசமாக ஒரு மாதம் வந்தால்? இங்கேதான் ஆர்.டி. விதியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி வருகிறது. தவணை தவறினால் கணக்கை உடனே மூடுவதில்லை. நூறு ரூபாய்க்கு மாதம் ஒரு ரூபாய் அபராதம் கட்டி அடுத்த மாதம் சேர்த்துச் செலுத்தலாம். நாலு தவணை தவறினால்தான் கணக்கு நிற்கும். அப்படி நின்ற பிறகும் இரண்டு மாதத்துக்குள் வந்து பாக்கியைக் கட்டினால் மறுபடி உயிர் பெறும். இந்த விதியை எழுதியவர் யாரோ, மனுஷனை அறிந்தவர். அறுபது மாதத்தில் ஓரிரு மாதம் தவறத்தான் செய்யும் என்பதை அவர் முதல் நாளே எழுதி வைத்துவிட்டார். தவறுவது திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, வெளியே இல்லை.

நாம் நமக்கு எழுதிக்கொள்ளும் திட்டத்தில் அப்படி ஒரு விதி கிடையாது. இரண்டு நாள் படிக்கவில்லை என்றால் மூன்றாம் நாள், "போச்சு, அடுத்த ஒண்ணாந்தேதியிலிருந்து பார்த்துக்கலாம்" என்கிறோம். தவறிய இரண்டு நாளால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஒண்ணாந்தேதிக்காகக் காத்திருந்த இருபது நாள்தான் நஷ்டம்.

என்னோடு ஒரு தபால்காரர் வேலை பார்த்தார். போஸ்டல் அசிஸ்டெண்ட் ஆவதற்கான இலாகா தேர்வு எழுத ஆசை. வயது நாற்பதை நெருங்குகிறது. காலையிலிருந்து சைக்கிள் மிதித்துவிட்டு வந்தால் சாயங்காலம் கண் சொருகும். இரண்டு முறை எழுதி வரவில்லை. மூன்றாம் முறை அவர் ஒரு காரியம் செய்தார். வீட்டில் மாட்டியிருந்த தினசரி கிழிக்கிற காலண்டரைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு ஐந்து கணக்குப் போட்டால்தான் தாளைக் கிழிப்பார். போடாவிட்டால் தாள் அப்படியே இருக்கும். ஆகவே ஊருக்கெல்லாம் மார்ச் 9 என்றால் அவர் வீட்டில் மார்ச் 5 ஆக இருக்கும். சுவரைப் பார்த்தாலே நாலு நாள் பின்னால் இருக்கிறோம் என்று தெரியும். வீட்டில் மட்டும் சண்டை. "ராகு காலம் பார்க்க முடியல, கிருத்திகை என்னிக்குன்னு தெரியல" என்று அவர் மனைவி வேறொரு காலண்டர் வாங்கிச் சமையல் அறையில் மாட்டிக்கொண்டார்.

இதில் நான் ரசித்தது அதற்கு மேல் ஒன்று. ஒரு நாள் கேட்டேன், "பத்துப் பதினைந்து நாள் பின்தங்கிவிட்டால் என்ன செய்வீர்கள்? எழுபது கணக்கையும் ஒரே ராத்திரியில் போடுவீர்களா?" அவர் சொன்னார்: "ஏழு நாளுக்கு மேல போச்சுன்னா மொத்தத் தாளையும் ஒரே கிழியாக் கிழிச்சு இன்னிக்குத் தேதிக்கு வந்துடுவேன் சார். பாக்கி வச்சா மனசு உக்காராது." அந்த வருஷம் அவர் தேறினார். ஓய்வு பெறும்போது சப் போஸ்ட்மாஸ்டர்.

நம் மாணவர்கள் வாயில் அடிக்கடி வருகிற சொல் அரியர். பரீட்சையில் வருகிற அரியரை எழுதித்தான் தீர்க்க வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் நாமே நமக்கு வைத்துக்கொள்ளும் அரியர் இருக்கிறதே, 'நேற்று விட்டதையும் சேர்த்து இன்றைக்கு' என்கிறது, அதைக் கிழித்துப் போடலாம். சட்டம் ஒன்றும் தடுக்கவில்லை.

அந்தக் காலத்தில் ஆபீஸில் இன்னொரு நண்பரும் இன்ஸ்பெக்டர் தேர்வுக்குத் தயாரானார். நல்ல மூளை. மூன்று நிற மையில் அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினார். காலை நாலரைக்கு எழுவதிலிருந்து எல்லாம் அதில் இருந்தது. மூன்றாவது வாரம் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. அட்டவணை அந்தச் சுவரிலேயே தங்கிவிட்டது. அவர்மேல் குறை சொல்ல மாட்டேன். மாற்றலுக்கு அந்த அட்டவணையில் இடமில்லை, அவ்வளவுதான்.

இடம் விட்டுத் திட்டம் போடுவதில் நம் விவசாயிகளை மிஞ்ச ஆளில்லை. மேட்டூர் அணை 1934-ல் திறக்கப்பட்டது. டெல்டாப் பாசனத்துக்கு ஜூன் 12-ல் தண்ணீர் விடுவது வழக்கமான தேதி. ஆனால் 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் அந்தத் தேதியில் தண்ணீர் வரவில்லை. 2012-ல் செப்டம்பர் 17-ல் வந்தது. 2017-ல் அக்டோபர் 2. 2024-ல் ஜூலை 28. 2022-ல் மட்டும் முந்திக்கொண்டு மே 24-லேயே வந்துவிட்டது. இப்படி வருகிற தண்ணீரை வைத்துக்கொண்டு ஒருவர் வருஷத் திட்டம் போட வேண்டும் என்றால் என்ன செய்வார்? ஜூனில் தண்ணீர் வந்தால் ஆடுதுறை 36, ஆடுதுறை 43 மாதிரி 110 நாளில் வருகிற குறுவை. வரவில்லையா, குறுவையை விட்டுவிடுவார். ஆகஸ்ட்டுக்குள் விதைக்க முடிந்தால் 155, 160 நாள் ஓடும் சி.ஆர். 1009, சம்பா. அதற்கும் தாமதமா, 135 நாள் ரகம். தையில் அறுவடை என்பதை அவர் கூடியவரை விடுவதில்லை. கையிலிருக்கிற நாளுக்குத் தக்கபடி விதையை மாற்றுகிறார். 'ஜூன் 12 தவறிவிட்டது, இனி அடுத்த வருஷம்தான்' என்று வயலுக்குப் போகாமல் உட்கார்ந்த ஒரு சம்சாரியை நான் பார்த்ததில்லை. இன்றைக்குக் கல்லூரிக்கு வரும் வழியில் இரண்டு பக்கமும் அறுவடை எந்திரம் ஓடுகிறதைப் பார்த்திருப்பீர்கள்.

(விவசாயத்தில் நஷ்டமே இல்லை என்று சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் மச்சான் அங்கே உட்கார்ந்து முறைக்கிறார்.)

இதுவரை தொகை, தவணை, தேதி என்று பேசினேன். ஊக்கம் எங்கே என்று கேட்பீர்கள். உற்சாகம் வந்தால் வேலை செய்வேன் என்று ஒரு கட்சி, வேலையில் உட்கார்ந்தால் உற்சாகம் தானாக வரும் என்று ஒரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. தபால் பை காலையில் வந்து இறங்கிவிட்டால் பிரிக்கத்தான் வேண்டும். அன்றைக்கு மனசு எப்படி இருக்கிறது என்று பை கேட்காது. பத்து நிமிஷம் முத்திரை குத்தியதும் கை தானாக ஓடும். ஆனால் நம் தலைப்பை என்னைவிட நன்றாக விளக்கக்கூடிய ஒரு மனிதர் நம் பக்கத்திலேயே வாழ்ந்திருக்கிறார்.

உ.வே. சாமிநாதையர் 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். அதே ஆண்டில் அங்கே முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், ஐயர் கற்ற பிற்காலப் பிரபந்தங்களின் பட்டியலைக் கேட்டுவிட்டு, பழைய நூல்களைப் படித்திருக்கிறீர்களா என்று கேட்டது பலருக்கும் தெரிந்த கதை. சீவக சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியை அவர்தான் கொடுத்தார். சிந்தாமணி அச்சாகி வந்தது 1887-ல். இடையில் ஏழு வருஷம். அந்த ஏழு வருஷமும் ஐயர் முழுநேர ஆசிரியர். வகுப்பு, வீடு, வரவு செலவு எல்லாம் இருந்தது.

நான் கவுண்டர் ஆள். ஆகையால் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிந்தாமணியில் பதின்மூன்று இலம்பகம், 3,145 பாட்டு. ஏழு வருஷத்துக்கு 2,555 நாள். வகுத்தால் ஒரு நாளைக்கு ஒன்றேகால் பாட்டு வருகிறது. ஐயர் அப்படித் தினம் ஒன்றேகால் பாட்டு என்று அளந்து வேலை செய்தார் என்று சொல்ல வரவில்லை. ஏடு தேடுவதிலும், பாடத்தை ஒப்பிடுவதிலும் மாதக்கணக்கில் போயிருக்கும். சமண சமயத்து விஷயங்கள் புரியாமல், கும்பகோணத்திலிருந்த சைனர்களிடமே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். நான் சொல்வது அளவைப் பற்றி. இன்றைக்கும் மலைப்பாகத் தெரிகிற ஒரு காரியத்தை நாட்களால் வகுத்தால், மலைக்கும்படியாக ஒன்றுமில்லை.

அதன் பிறகு பாருங்கள். 1889-ல் பத்துப்பாட்டு, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. குறுந்தொகைப் பதிப்பு வரும்போது வருஷம் 1937, ஐயருக்கு வயது எண்பத்திரண்டு. 'தமிழை வளர்ப்பேன்' என்பது இலக்கு ஆகாது. அது ஆசை. 'இந்த நூலை, இந்தச் சுவடிகளோடு ஒப்பிட்டு அச்சுக்குக் கொடுப்பேன்' என்பது இலக்கு. ஒன்று முடிந்து கையில் புத்தகமாக வந்ததும் அடுத்ததற்குத் தெம்பு கிடைத்திருக்கும். முடிந்த சின்ன வேலை கொடுக்கிற தெம்பை முடியாத பெரிய வேலை கொடுக்காது.

ஆர்.டி. தொடங்க வந்தவர்களிடம் நான் ஒரு யோசனை சொல்வது வழக்கம். "ரெண்டாயிரம் ஒரே கணக்கா வேண்டாங்க, ஐந்நூறு ஐந்நூறா நாலு கணக்கா ஆரம்பிங்க. எத்தனை கணக்கு வேணும்னாலும் வச்சுக்கலாம். கஷ்டம் வந்தா ஒண்ணு நின்னாலும் மூணு ஓடும்." பலருக்கு அது அலைச்சலாகப் பட்டது. கேட்டவர்களுக்கு, கடைசியில் ஒன்றாவது முதிர்ந்து கைக்கு வந்தது. படிப்பிலும் 'இந்த வருஷம் எல்லாவற்றையும்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாமல், தனித்தனியாக முடியக்கூடிய நாலு சின்னக் கட்டாகக் கட்டுங்கள். தட்டச்சு லோயர் ஒன்று, ஆங்கிலத்தில் ஒரு விண்ணப்பம் பிழையில்லாமல் எழுதுவது ஒன்று என்று. ஒன்று நின்றாலும் வருஷம் வீணாகாது.

இப்போது கொஞ்சம் கசப்பான விஷயம். இங்கே இருக்கும் மாணவர்களில் பாதிப் பேருக்கு மேல் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதுகிற எண்ணத்தில் இருப்பீர்கள். நல்லது. நானும் அரசாங்கச் சம்பளத்தில் குடும்பம் நடத்தியவன்தான். ஆனால் கணக்கைப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள். 2024-ல் 6,244 இடத்துக்கு அறிவிப்பு வந்தது. பின்னால் இடங்களைக் கூட்டினார்கள், கூட்டியும் பத்தாயிரத்தைத் தொடவில்லை. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம். ஒரு நாற்காலிக்கு இருநூறு பேருக்கு மேல். இந்த நிலையில் 'நான் குரூப் 4 பாஸ் பண்ணி வேலைக்குப் போவேன்' என்பதை மட்டும் இலக்காக வைத்தால், அந்த இலக்கின் சாவி உங்கள் கையில் இல்லை. மற்ற இருநூறு பேர் எப்படிப் படிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. உங்கள் கையில் இருப்பது அந்த 200 கேள்வி. அதில் 100 தமிழ்ப் பகுதி. பத்தாம் வகுப்புத் தரம். பள்ளித் தமிழ்ப் புத்தகத்தில் இந்த வாரம் இரண்டு பாடம் முடித்தேனா என்பதற்கு மட்டும் நீங்கள் பதில் சொல்ல முடியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆர்.டி.க்கு முதிர்வுத் தேதி உண்டு. இந்தப் பரீட்சைக்கு நாமாக வைத்தால்தான் உண்டு. டிகிரி முடித்து ஐந்து, ஆறு வருஷம் வேறு எதுவும் செய்யாமல் எழுதிக்கொண்டே இருக்கிற பிள்ளைகளை என் தெருவிலேயே பார்க்கிறேன். விண்ணப்பம் அனுப்ப எங்கள் ஜன்னலில் நின்ற முகங்களும் எனக்கு ஞாபகம் இருக்கின்றன. முதல் வருஷம் சிரித்துக்கொண்டு வருவார்கள். நாலாம் வருஷம் தலை நிமிராது. எத்தனை முறை எழுதப் போகிறோம் என்பதை முதல் முறை எழுதும் முன்பே ஒரு தாளில் எழுதி, வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். இரண்டோ மூன்றோ, அது உங்கள் வசதி. கூடவே கையில் ஒரு வேலை இருக்கட்டும். வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறவனுக்குப் படிக்க நேரம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் வேலையில் இருக்கிறவன் தோற்றால் பரீட்சையில் மட்டும்தான் தோற்கிறான்.

இரண்டு வருஷத்துக்கு முன் இதே மண்டபத்தில் ஒரு மாணவி எழுந்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "சார், நீங்க எல்லாம் ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்னு சொல்றீங்க. எனக்கு வீட்டுல ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல கிடைக்காது. காலைல அம்மா கூட வேலை, அப்புறம் பஸ், சாயங்காலம் வந்தா தம்பி, தண்ணி பிடிக்கிறது, சமையல். நான் என்ன இலக்கு வைக்கிறது?" மண்டபம் கொஞ்சம் அமைதியாகிவிட்டது. இருபது நிமிஷம் கிடைக்குமா என்று கேட்டேன். "தினமும் சொல்ல முடியாது சார். வாரத்துல நாலு நாள் கிடைக்கும்" என்றார். "அப்படியானால் நாலு நாள் என்றே எழுதிக்கொள்ளம்மா, ஏழு நாள் என்று எழுதாதே" என்றேன். இரண்டு பேரும் மேடை ஓரத்தில் நின்று கணக்குப் போட்டோம். வாரம் எண்பது நிமிஷம். வருஷத்தில் மழை, திருவிழா, உடம்பு சரியில்லாதது என்று ஏழு வாரத்தைத் தள்ளினால் நாற்பத்தைந்து வாரம். மொத்தம் அறுபது மணி நேரம். அறுபது மணி நேரத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையிலான தமிழ்ப் பாடத்தை ஒரு முறை நிதானமாகப் படித்துவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அந்த மாணவி இப்போது இறுதியாண்டு. இன்று காலையில் உங்களுக்கெல்லாம் பெயர் அட்டை எழுதிக் கொடுத்தவர் அவர்தான். இரண்டு வருஷத்தில் ஒன்பதாம் வகுப்பு வரை முடித்துவிட்டாராம். பத்தாம் வகுப்பு பாக்கி. நாங்கள் போட்ட கணக்குப்படி ஒரு வருஷத்தில் முடிந்திருக்க வேண்டும், இரண்டு வருஷத்திலும் ஒரு புத்தகம் மிச்சம். என்னைக் கேட்டால் கணக்கு தப்பவில்லை. நடுவில் அவர் அப்பாவுக்கு ஆபரேஷன், மூன்று மாதம் ஆஸ்பத்திரி. கணக்கை மூடாமல் திரும்பி வந்து தொடர்ந்தாரே, அதைத்தான் நான் பார்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. எங்கள் ஆபீஸில் அதிகமாக முதிர்வுக்கு வந்தவை மகளிர் முகவர்கள் மூலம் கட்டிய ஆர்.டி.க்கள். வெயிலோ மழையோ, மாதா மாதம் அதே தேதி வாக்கில் அந்த அம்மாள் வாசலில் வந்து, "அக்கா, இந்த மாசப் பணம்?" என்று நிற்பார். 'அந்தம்மா வருவாங்களே' என்பதற்காகவே அரிசி டப்பாவில் பணம் எடுத்து வைத்த வீடுகள் எத்தனையோ. மன உறுதியைப் பற்றிப் பெரிய பெரிய பேச்சுப் பேசுகிறோம். பல நேரங்களில் தேவைப்படுவது வாசலில் வந்து கேட்கிற ஒரு ஆள்.

அதற்காகத்தான் முன்னாள் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். சங்கம் வருஷா வருஷம் பரிசு கொடுக்கிறது, நாற்காலி வாங்கிக் கொடுக்கிறது, நல்ல காரியம். இந்த வருஷம் கூடுதலாக, ஒவ்வொருவரும் இரண்டு மாணவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வேண்டாம், புத்திமதியும் வேண்டாம். மாணவர் மாதம் ஐந்தாம் தேதிக்குள் உங்களுக்கு ஒரு கார்டு போடுவார். அதில் இரண்டே வரி: போன மாதம் எவ்வளவு முடிந்தது, இந்த மாதம் எவ்வளவு. நீங்கள் பதில் ஒரு கார்டு போட வேண்டும். போனில் அனுப்பினால் என்ன என்று கேட்கிறவர்கள் தாராளமாக அனுப்பலாம். பழைய தபால்காரன் நான், எனக்குக் கார்டில்தான் ஆசை. எந்த மாதமாவது கார்டு வரவில்லை என்றால் கோபிக்காமல், "இந்த மாதம் எங்கே?" என்று ஒரு வரி கேளுங்கள். நாலு மாதம் தொடர்ந்து வராவிட்டால் நேரில் போய்ப் பாருங்கள்.

வாசலில் மேஜைமேல் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது. இடது பக்கத்தில் மாணவர்கள் பெயர், முகவரி எழுதுங்கள். வலது பக்கத்தில் முன்னாள் மாணவர்கள். யாருக்கு யார் என்பதைச் சாப்பாட்டுக்குப் பிறகு செயலாளர் வாசிப்பார். முதல் கார்டு பிப்ரவரி 5-ந் தேதிக்குள் வந்து சேர வேண்டும். பின்கோடு எழுத மறக்காதீர்கள்.